‘ஜர்னி’யில் அழ என்ன இருக்கிறது?

கேள்வி: கல்லூரியில் படிக்கும் என் மகள் ‘ஜர்னி’ என்ற வீடியோ கேமைக் கம்ப்யூட்டரில் போட்டுக் கொடுத்து, “நான் அழுதுட்டேன்மா, நீயும் ஆடிப் பாரு” என்றாள். தினம் சமையலுக்கு நடுவே பத்து நிமிடம் ஆடுகிறேன். சிவப்பு அங்கி போட்ட உருவம் மணலில் நடந்துகொண்டே இருக்கிறது. சண்டை இல்லை, பாயின்ட் இல்லை, பேச்சும் இல்லை. இதில் அழ என்ன இருக்கிறது?
- வாசகி, கோவை

பதில்: பத்துப் பத்து நிமிடமாக ஆடுவதுதான் கோளாறு. மொத்த ஆட்டமே ஏறக்குறைய இரண்டு மணி நேரம்தான். ஒரே மூச்சில் ஆட வேண்டியது. ராத்திரி வேலையெல்லாம் முடித்து, போனை அடுத்த அறையில் வைத்துவிட்டு, முதலிலிருந்து தொடங்குங்கள். கீபோர்டு வேண்டாம், கன்ட்ரோலர் (இரு கையிலும் பிடித்து ஆடும் கருவி) இருந்தால் நல்லது. ஹெட்போன் கட்டாயம். ஆஸ்டின் வின்டரியின் இசை செல்லோ என்ற ஒற்றைத் தந்தி வாத்தியத்தில் தொடங்கி, நீங்கள் நடக்க நடக்க வளரும். கிராமி இசை விருதில் படங்களுக்கான பின்னணி இசைப் பிரிவுக்கு முன்மொழியப்பட்ட முதல் வீடியோ கேம் இசை அது.

இன்னொன்று, இன்டர்நெட் இணைப்பு. அது இல்லாமல் ஆடினால் பாதி ஆட்டம் போச்சு. கொஞ்ச தூரம் போனதும் உங்களைப் போலவே இன்னோர் உருவம் வரும். கம்ப்யூட்டர் ஓட்டும் பொம்மை என்று நினைத்துவிடாதீர்கள். உலகத்தில் எங்கோ உட்கார்ந்து ஆடும் நிஜ ஆள். பெயர் தெரியாது, பேசவும் முடியாது. உங்களிடம் இருப்பது ஒரு கூவல் மட்டும்: பட்டனைத் தட்டினால் சின்னதாக, அழுத்திப் பிடித்தால் பெரிதாக. கழுத்துத் துண்டில் ஒளி இருக்கும்வரைதான் பறக்கலாம். தீர்ந்தால் இருவரும் ஒட்டி நின்றால் போதும், மறுபடி நிறையும். முதலில் சோதித்தபோது ஆட்டக்காரர்கள் ஒருவரையொருவர் தள்ளிவிட்டு விளையாடினார்களாம். இயக்குநர் ஜெனோவா சென் தள்ளும் வசதியையே எடுத்துவிட்டு, தொட்டால் பலம் வரும்படி மாற்றினார். 2012-இல் வந்த இந்த கேமின் சூட்சுமமே அந்த ஒரு மாற்றத்தில் இருக்கிறது என்பேன்.

மணலில் மினுங்கும் குறிகளை எடுத்தால் துண்டு நீளும். ஆனால் ஒன்று விடாமல் பொறுக்க வேண்டும் என்று யூடியூபில் வழி பார்க்காதீர்கள். அதெல்லாம் இரண்டாவது முறைக்கு. நிலத்தடிப் பகுதியில் பறக்கும் கல் இயந்திரங்களின் வெளிச்சத்தில் சிக்கினால் துண்டு கிழிந்து குட்டையாகும். பதறி நிறுத்திவிட வேண்டாம். அங்கே சாவு கிடையாது, தோல்வியும் கிடையாது.

உங்கள் கேள்விக்கான பதில் பனிமலையில் இருக்கிறது. குளிரில் துண்டின் ஒளி மங்கும், கூவல் சன்னமாகும், காற்று பின்னால் தள்ளும். காற்று வீசும்போது கல்லுக்குப் பின்னால் ஒதுங்கி, அது அடங்கியதும் நகருங்கள். கூட வருபவரை ஒட்டியே நடங்கள். இரண்டு மணி நேரமாகச் சேர்த்ததெல்லாம் கையைவிட்டுப் போக, பக்கத்தில் பேர் தெரியாத ஓர் ஆள் மட்டும் மிஞ்சுவார். உங்கள் மகள் அழுதது அநேகமாக இங்கேயோ இதற்கு அடுத்த காட்சியிலோதான். அதைச் சொல்லிக் கெடுக்க மாட்டேன்.

நடுவில் கூட வருபவர் காணாமல் போனால் கோபித்துக்கொண்டு போய்விட்டார் என்று அர்த்தமில்லை. இணைப்பு அறுந்திருக்கும், அல்லது இருவரும் ரொம்ப விலகியிருப்பீர்கள். பிறகு வேறொருவர் வரக்கூடும். உருவம் ஒன்றுபோலவே இருப்பதால் ஆள் மாறியதே தெரியாது. அதனால் ஆட்டம் முடிந்ததும் பெயர்கள் ஓடும்போது அவசரப்பட்டு மூடிவிடாதீர்கள். கூட வந்தவர்கள் யார் யார் என்று அப்போதுதான் காட்டும். ஒரே ஆள்தான் என்று நம்பியிருப்பீர்கள், மூன்று நான்கு பெயர் வரலாம்.