பிரேடிக்கு என்ன குறைச்சல்?

கேள்வி: அயர்லாந்துக் கால்பந்து வீரர் லியம் பிரேடியை ‘மகத்தான மிட்ஃபீல்டர்’ என்று சென்ற இதழில் எழுதியிருந்தீர்கள். உலகக் கோப்பையில் ஒரு நிமிடம்கூட ஆடாதவருக்கு இந்தப் பட்டம் அதிகமில்லையா?

பதில்: வடக்கு அயர்லாந்தின் நட்சத்திரம் ஜார்ஜ் பெஸ்ட்டும்தான் ஆடியதில்லை. முதலில் அவரிடமிருந்து பட்டத்தைப் பிடுங்கி வாருங்கள், பிரேடியிடமிருந்து நானே வாங்கித் தருகிறேன்.

1982 உலகக் கோப்பைக்கான தகுதிச் சுற்றில் அயர்லாந்தும் பிரான்ஸும் ஆளுக்கு 10 புள்ளிகள். கோல் வித்தியாசத்தில் பிளாட்டினியின் பிரான்ஸ் ஸ்பெயினுக்குப் போனது. பிரஸ்ஸல்ஸில் பெல்ஜியத்துக்கு எதிராக அயர்லாந்தின் ஸ்டேப்பிள்டன் அடித்த கோலை நடுவர் செல்லாது என்று சொல்லாமலிருந்தால் கதையே வேறு. இதில் பிரேடியின் இடது காலைக் குறைசொல்ல என்ன இருக்கிறது?

குறைதான் வேண்டுமென்றால் நானே ஒன்று தருகிறேன். 1980இல் அதே பிரஸ்ஸல்ஸில், ஸ்பெயினின் வாலன்சியாவுடனான ஐரோப்பிய கோப்பை வெற்றியாளர் கோப்பை இறுதி ஆட்டத்தில், தன் லண்டன் கிளப் ஆர்சனலுக்காக அடித்த பெனால்டியைக் கோட்டைவிட்டவர் அவர். ஆர்சனல் தோற்றது.

சரி, இப்போது இதையும் கேளுங்கள். அந்த ஆண்டே இத்தாலிய கிளப் யுவென்டஸுக்குப் போய், முதல் சீசனிலேயே இத்தாலிய லீக் பட்டம் வென்றார். இரண்டாவது சீசன் முடிவதற்குள், அணிக்கு இரண்டு வெளிநாட்டவர் என்ற புதிய வரம்புக்கு ஏற்ப, போலந்தின் போனியெக்கையும் அதே பிளாட்டினியையும் கிளப் எடுத்துவிட்டது. பிரேடி கிளம்ப வேண்டியதுதான். இன்னும் ஒரே ஆட்டம் பாக்கி: 1982 மே 16, கட்டன்சாரோ. பட்டத்துக்குப் போட்டியிடும் பியோரென்டினாவும் அதே புள்ளியில் நிற்கிறது. இரண்டாம் பாதியில் யுவென்டஸுக்கு ஒரு பெனால்டி. துரத்தப்படுகிற மனிதர், இரண்டு வருடம் முன்பு தவறவிட்ட அதே மனிதர், பந்தை வைத்து அமைதியாக உள்ளே தள்ளினார். 1-0. கிளப்புக்கு இருபதாவது பட்டம். நானாக இருந்தால் பந்தை மைதானத்துக்கு வெளியே உதைத்திருப்பேன்.

அப்புறம் இத்தாலியிலேயே சாம்ப்டோரியா, இன்டர், அஸ்கோலி; பிறகு இங்கிலாந்தின் வெஸ்ட் ஹாம். அயர்லாந்துக்கு மொத்தம் 72 ஆட்டங்கள். அயர்லாந்துப் பயிற்சியாளர் ஜாக் சார்ல்டனுக்கோ நடுக்களத்தின் தலைக்குமேல் பந்து பறந்தால் போதும். காலடியில் பந்தை வைத்து யோசிக்கிறவர்கள் அவருக்கு ஆகாது. 1989இல் டப்ளினில் மேற்கு ஜெர்மனியுடன் நடந்த நட்பு ஆட்டத்தில், இடைவேளைகூட வருமுன் பிரேடியை வெளியே கூப்பிட்டுவிட்டார். அத்துடன் சர்வதேச ஆட்டத்துக்கு முழுக்குப் போட்டார் பிரேடி. அடுத்த ஆண்டுதான் அயர்லாந்து முதன்முறையாக உலகக் கோப்பையில் ஆடியது. எங்கே தெரியுமா? இத்தாலியில்.