டெக்சோமா ஏரியில் ஸ்ட்ரைப்பர் மீன்பிடிப்பு: எந்த நாள், எந்த நேரம், யார் படகு?

கேள்வி: டெக்சஸ் மாநிலம் பிளேனோவில் வசிக்கிறோம். சென்ற ஆகஸ்டில், டெக்சஸ்-ஒக்லஹோமா எல்லையில் உள்ள டெக்சோமா ஏரியில் பான்டூன் எனப்படும் தட்டையான மிதவைப் படகை வாடகைக்கு எடுத்துக் காலை பத்து மணி முதல் மாலை நான்கு வரை சுற்றியும் ஒரு ஸ்ட்ரைப்பர்கூட மாட்டவில்லை. வருகிற மே மாதக் கடைசியில் மைத்துனர் குடும்பம் சேலத்திலிருந்து வருகிறது. பெரியவர்கள் நால்வர், பிள்ளைகள் இருவர், வயது 9, 14. மறுபடியும் நாங்களே படகு எடுப்பதா, வழிகாட்டி ஒருவரை அமர்த்துவதா? எந்த நேரம், எந்தப் பகுதி, உரிமம் என்ன என்று விளக்க வேண்டுகிறேன்.

பதில்: உங்கள் ஆகஸ்ட் தோல்வியிலிருந்தே தொடங்குகிறேன், அதன் காரணம் புரிந்துவிட்டால் மே மாதத் திட்டம் பாதி தயாராகிவிடும். ஆகஸ்டில் ஏரியின் மேல்நீர் முப்பது பாகை செல்சியஸ் அளவுக்குச் சூடேறிவிடுகிறது. ஸ்ட்ரைப்பரோ குளிர்ந்த நீரை நாடும் மீன். வளர வளர அந்த நாட்டம் கூடும். ஆழத்தில் குளிர்ச்சி உண்டு என்றாலும், கோடையில் அடிநீர் மேல்நீரோடு கலப்பதில்லை என்பதால் அங்கே பிராணவாயு தீர்ந்துபோகிறது. ஆகவே மேலே வெப்பத்துக்கும் கீழே மூச்சுமுட்டலுக்கும் நடுவில் உள்ள ஒரு நீரடுக்கில் மீன்கள் ஒடுங்கி நிற்கின்றன. விடியற்காலையில் இரையைத் துரத்திச் சற்று நேரம் மேலே வரும். வெயில் ஏறியதும் இறங்கிவிடும். பத்து மணிக்குப் படகு எடுத்தவர், ஆழத்தில் நிற்கும் கூட்டத்தைச் சோனார் கருவியில் (ஒலியலையால் நீருக்கடியில் இருப்பதைக் காட்டுவது) கண்டுபிடித்து அதன் தலைக்கு நேரே இரையை இறக்கியிருந்தால் ஒழிய, வெறுங்கையோடு திரும்புவதே வழக்கம்.

நானும் அப்படித் திரும்பியவன்தான். முதன்முறை போனபோது, நடு ஏரியில் நீர் கொதிப்பதுபோல் மீன்கள் துள்ளுவதைக் கண்ட மகிழ்ச்சியில் படகை நேரே அந்தக் கூட்டத்துக்குள் ஓட்டினேன். இயந்திரத்தை நிறுத்துவதற்குள் நீர்ப்பரப்பு கண்ணாடிபோல் அடங்கிவிட்டது. காற்று வீசி வரும் பக்கத்தில், தூண்டில் வீச்சுக்கு எட்டும் தொலைவுக்கு முன்பாகவே இயந்திரத்தை அணைத்து, காற்றோடு மிதந்து நெருங்க வேண்டும் என்பதை அன்று பக்கத்துப் படகுக்காரர் எனக்கு எடுத்துரைத்த மொழியை இங்கே எழுத இயலாது.

மே மாதம் ஏன் நல்லது என்பதற்கு இந்த மீனின் பிறப்பைச் சற்று அறிய வேண்டும். ஸ்ட்ரைப்பர் அடிப்படையில் அட்லாண்டிக் கடல் மீன்; இளவேனிலில் ஆறுகளில் ஏறி முட்டையிடும். (நம் கொடுவா இதற்கு நேர்மாறு: ஆற்றிலும் காயலிலும் வளர்ந்து, முட்டையிடக் கழிமுகத்துக்கு இறங்கும்.) 1941இல் தென் கரோலினாவில் சான்டீ, கூப்பர் ஆறுகளின் நீரைத் தேக்கியபோது உள்ளே அகப்பட்டுக்கொண்ட மீன்கள், கடலுக்குத் திரும்பாமலே இனம் பெருக்கியதைக் கண்ட பிறகுதான் உள்நாட்டு ஏரிகளில் இவற்றை வளர்க்கும் எண்ணம் வலுத்தது. டெக்சோமாவில் ஒக்லஹோமா மாநில வனவிலங்குத் துறை 1965இல் இவற்றை விடத் தொடங்கியது. பெரும்பாலான ஏரிகளில் குஞ்சுகளைத் தொடர்ந்து விட்டுக்கொண்டே இருக்க வேண்டும். டெக்சோமாவில் அந்தத் தேவை இல்லை. முட்டை பொரிக்கும்வரை ஏறத்தாழ இரண்டு நாள் ஓடும் நீரில் மிதந்துகொண்டே இருக்க வேண்டும், ஓட்டம் நின்றால் அடிச்சேற்றில் படிந்து அழிந்துவிடும். ரெட் ஆறும் வாஷிடா ஆறும் அதற்குப் போதிய நீளம் ஓடிவந்து ஏரியில் சேர்கின்றன.

ஏப்ரலில் ஆறேறிய மீன்கள், மே நடுவுக்குள் முட்டையிட்டு முடித்துப் பசியோடு ஏரிக்குத் திரும்பிவிடுகின்றன. அவற்றின் முதன்மை இரை ஷேட் எனப்படும், மத்திக்கு உறவான வெள்ளிநிறச் சிறுமீன். அது இதே பருவத்தில் விடியற்காலையில் கற்கரைகளை ஒட்டி முட்டையிட வருவதால், ஸ்ட்ரைப்பரும் இடுப்பளவு நீருக்கே துரத்திக்கொண்டு வந்துவிடும். எனவே மே கடைசி நல்ல தேர்வுதான். ஆனால், அந்த மாதத்துக் கடைசித் திங்கட்கிழமை தியாகிகள் நினைவு நாள் விடுமுறை. அதை ஒட்டிய மூன்று நாளும் ஏரி படகுகளால் நிறைந்து, நீர்ச்சறுக்கு விளையாட்டுக்காரர்களின் அலையே போதும் என்றாகிவிடும். விடுமுறைக்கு முந்தைய செவ்வாய் அல்லது புதனைக் குறித்துக்கொள்ளுங்கள். பெரியவர்கள் ஒரு நாள் விடுப்பு எடுக்கலாம், பிள்ளைகள் பள்ளிக்கு ஒரு நாள் மட்டம் போட்டாலும் உலகம் கவிழ்ந்துவிடாது.

மழையும் கவனிக்க வேண்டியது. ஏரியின் இயல்பு மட்டம் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 617 அடி. மேல்நிலத்தில் மே மாத மழை வலுத்தால் மட்டம் விரைவாக உயர்ந்து, படகு இறக்கும் சரிவுகளும் பூங்காக்களும் மூழ்கும்; 2015 மே மாதத்தில் நீர் 640 அடியைத் தாண்டி வழிந்தோடியது. ராணுவப் பொறியாளர் படையின் டல்சா மாவட்ட அலுவலகம் நாள்தோறும் மட்டத்தை வெளியிடுகிறது. புறப்படுவதற்கு ஒரு வாரம் முன்பிருந்தே பார்த்து வாருங்கள். ஆற்று முகப்பகுதிகள் கலங்கியிருந்தாலும் ஏரியைத் தேக்கும் டெனிசன் அணைப் பக்கம் பெரும்பாலும் தெளிவாகவே இருக்கும்.

இடத்தைப் பொறுத்தவரை, 89,000 ஏக்கர் பரப்பையும் தேட வேண்டியதில்லை. மேட்டூர் நிரம்பி நிற்பதைப் பார்த்திருக்கும் உங்கள் மைத்துனரிடம், அதைப்போல் இரு மடங்குக்கும் மேல் என்று சொன்னால் அளவு விளங்கிவிடும். அணையை ஒட்டிய கற்கரைகள், நடு ஏரியின் தீவுகளைச் சுற்றிய திட்டுகள், வாஷிடா கிளையின் வாய் ஆகிய மூன்றில் ஒன்றைத் தேர்ந்து அங்கேயே காலைப்பொழுதைக் கழிப்பது நல்லது. எதைத் தேர்வது என்பதைக் காற்று சொல்லும். மே மாதத்தில் தெற்குக் காற்றே மிகுதி. அது மேல்நீர் நுண்ணுயிர்களையும் அவற்றைத் தின்னும் ஷேட் மீனையும் வடகரைக்குத் தள்ளுகிறது. மீன் இருக்கும் கரையும் அலை மோதும் கரையும் ஒன்றாகிவிடுவதுதான் இந்த ஏரியின் சிக்கல். மணிக்கு 15 மைலுக்கு மேல் காற்று என்று முன்னறிவிப்பு சொன்னால், சிறுவரோடு வாடகைப் பான்டூனில் வடகரைக்குப் போக வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. தட்டையான அந்தப் படகின் முன்தளம் அலைக்குள் புகுந்தால் நீர் உள்ளே ஏறிவிடும்.

இதனாலேயே இந்த முறை வழிகாட்டியை அமர்த்துங்கள் என்கிறேன். வாடகையைவிடச் செலவு கூடும்; ஆனால் அவர் ஒவ்வொரு நாளும் ஏரியில் இருப்பவர், நேற்று மாலை மீன் எந்த ஆழத்தில் நின்றது என்பது அவருக்குத் தெரியும், விடியும் முன்பே வீச்சுவலை போட்டு உயிர் ஷேட் பிடித்து வைத்திருப்பார். முன்பதிவின்போது நீங்கள் அறுவரும் ஒரே படகில் ஏற முடியுமா, ஒன்பது வயதுக்குப் பொருந்தும் மிதவைச் சட்டை உண்டா, காற்றால் பயணம் நின்றால் முன்பணம் திரும்புமா, கரையில் மீனைச் சுத்தம் செய்து தருவது கட்டணத்தில் அடங்குமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். 26 அடிக்குக் குறைந்த படகில் 13 வயதுக்கு உட்பட்டோர், படகு ஓடும்போது மிதவைச் சட்டை அணிந்தே இருக்க வேண்டும் என்பது இரு மாநிலங்களிலும் சட்டம். மே கடைசியில் சூரியன் ஆறேகால் மணியளவில் உதிக்கிறது. அதற்கு முன்பே படகில் இருக்க வேண்டும். 75ஆம் எண் நெடுஞ்சாலையில் உங்கள் வீட்டிலிருந்து ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலாகும் என்பதால், முந்தைய இரவே பாட்ஸ்பரோ அல்லது டெனிசனில் தங்கிவிடுங்கள். மூன்றரை மணிக்கு எழுப்பிய பிள்ளை ஏழு மணிக்குப் படகில் தூங்கிவிடும்.

உரிமம் எளிது. ஏரியின் பெரும்பகுதி ஒக்லஹோமாவில் இருப்பதால் டெக்சஸ் உரிமம் மட்டும் வைத்திருப்பவர் எல்லையைத் தாண்டக் கூடாது. அந்தத் தொல்லையைத் தவிர்க்கவே ‘லேக் டெக்சோமா’ உரிமம் என்று தனியாக ஒன்று விற்கப்படுகிறது. இரு மாநில நீர்ப்பரப்புக்கும் அது ஒன்றே போதும், விருந்தினரும் வாங்கலாம், டிசம்பர் 31 வரை செல்லும். டெக்சஸ் நீர்ப்பரப்பில் உங்கள் பிள்ளைகள் இருவருக்கும் உரிமம் தேவையில்லை; ஒக்லஹோமா பக்கம் போவதாக இருந்தால், 14 வயதுப் பிள்ளைக்குத் தேவையா என்று முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். ஒருவருக்கு ஒரு நாளைக்குப் பத்து மீன். அவற்றில் 20 அங்குலமோ அதற்கு மேலோ நீளமுள்ளவை இரண்டுக்கு மிகக் கூடாது. ஒரு முறை தொட்டியில் போட்ட மீன் உங்கள் கணக்கில் சேர்ந்துவிட்டது. பெரியது கிடைத்ததும் சிறியதைத் திரும்ப விடுவது குற்றம்.

பிள்ளைகளுக்கு உயிர் இரையே ஏற்றது. ஷேட்டின் இரு மூக்குத் துளைகளின் வழியே முள்ளைக் கோத்தால் அது நெடுநேரம் உயிரோடு நீந்தும். மூன்றடி நரம்புக்கு மேலே ஓர் ஈயக்குண்டு. வழிகாட்டிகள் பலர் பயன்படுத்துவது நுனி உள்நோக்கி வளைந்த வட்ட முள். நம் ஊரில் தக்கை அமிழ்ந்ததும் தூண்டிலைச் சுண்டி இழுத்துப் பழகியவர்கள் இங்கே அப்படிச் செய்தால் முள் வாயிலிருந்து நழுவி வந்துவிடும். கோல் நுனி இரண்டு முறை துடிக்கும். அப்போதும் சும்மா இருக்க வேண்டும். கோல் முழுதாக வளைந்து நீரை நோக்கிச் சாய்ந்த பிறகு, சுருளைச் சுற்றத் தொடங்கினாலே போதும், முள் தானாகவே வாயோரத்தில் பதிந்துவிடும். இந்தப் பொறுமை உங்கள் மைத்துனரைவிட ஒன்பது வயதுப் பிள்ளைக்கு எளிதில் வரும் என்பது என் கணிப்பு.

பிடித்த மீன் உடனே பனிக்கட்டியும் நீரும் கலந்த பெட்டிக்குள் போக வேண்டும். நீள விதி உள்ள மீன் என்பதால் கரை சேரும்வரை முழுதாகவே இருக்கட்டும். சுத்தம் செய்கையில் பக்கவாட்டுக் கோட்டை ஒட்டியுள்ள கருஞ்சிவப்புச் சதையைச் சீவி எறியச் சொல்லுங்கள். கவிச்சி முழுவதும் அதில்தான் இருக்கிறது. எஞ்சுவது நல்ல வெள்ளைச் சதை, வறுவலுக்குக் கச்சிதம். தோலும் முள்ளும் நீங்கிய துண்டு புளிக்குழம்பில் கரைந்துவிடும். குழம்பு வைப்பதாக இருந்தால், இரண்டு மூன்று மீனைச் செதிலும் குடலும் மட்டும் நீக்கித் தருமாறு வழிகாட்டியிடம் முன்கூட்டியே சொல்லிவையுங்கள்.