மாமியாரோடு நைட் சஃபாரி: எப்போது கிளம்புவது, எதை முதலில் பார்ப்பது?

கேள்வி: ஜோகூரில் ரெங்கம் பக்கத்துத் தோட்டத்தில் இருக்கிறோம். பள்ளி விடுமுறையில் சிங்கப்பூரில் இரவில் திறக்கும் விலங்குத் தோட்டமான நைட் சஃபாரிக்குப் போக ஆசை. மாமியாருக்கு 71 வயது, முழங்கால் வலி உண்டு. சின்னவனுக்கு 5 வயது. அன்றிரவே வீடு திரும்பிவிட முடியுமா? டிராம் ஏறினால் போதுமா, நடக்கவும் வேண்டுமா? மழை வந்தால் காசு வீண்தானா?

பதில்: திரும்பிவிடலாம். குளுவாங்கிலிருந்து பல ஆண்டுகளாகக் குடும்பங்களை அங்கே அழைத்துப் போய் வருகிறேன். அந்த இரவைக் கெடுப்பது பெரும்பாலும் மழையல்ல, ஜோகூரையும் சிங்கப்பூரையும் இணைக்கும் பாலம்தான். ஏழரைக்கு உள்ளே இருக்க வேண்டியவர்கள் ஒன்பதரைக்கு வேர்த்து விறுவிறுத்து வந்து சேர்வார்கள். டிராமில் ஏறியதும் பிள்ளை தூங்கிவிடும், பாட்டியும் தூங்கிவிடுவார், அப்பா மட்டும் சிங்கத்தைப் பார்த்துவிட்டு வருவார். இப்படி எத்தனையோ குடும்பங்களைப் பார்த்துவிட்டேன்.

ஆகவே முதலில் நாளைத் தேர்ந்தெடுங்கள். செவ்வாய், புதன், வியாழன், இந்த மூன்றில் ஒன்று. ஜோகூரில் 2025 முதல் வார விடுமுறை சனி, ஞாயிறுக்கு மாறிவிட்டது. வெள்ளி மாலையில் பாலத்தின் பக்கமே போகாதீர்கள். ஞாயிறு மாலையில் வேலைக்குத் திரும்புகிறவர்களின் கூட்டம் நீங்கள் போகும் திசையிலேயே சேரும். வார நாளில் பகல் 1.30 மணிக்குக் கிளம்பினால் குடிநுழைவு வரிசையில் பதறாமல் நிற்கலாம். மாலையில் சிங்கப்பூரிலிருந்து வேலை முடிந்து வருகிறவர்கள் எதிர்த்திசைக்காரர்கள். நீங்கள் திரும்பும் நேரத்துக்கு அந்த அலை ஓய்ந்திருக்கும்.

எல்லோருடைய கடப்பிதழும் (பாஸ்போர்ட்) குறைந்தது 6 மாதம் செல்லுபடியாக வேண்டும். சிங்கப்பூர் வருகை அட்டையைக் குழந்தைக்கும் சேர்த்து ஒவ்வொருவருக்கும் இணையத்தில் நிரப்புங்கள். போய்ச் சேரும் நாளையும் சேர்த்து 3 நாட்களுக்குள் அதைச் செய்ய வேண்டும். அது இலவசம். காசு கேட்கும் பக்கம் எதுவானாலும் உடனே மூடிவிடுங்கள். இன்னொன்று: மாமியார் வெற்றிலை போடுகிறவரா? மெல்லும் புகையிலை சிங்கப்பூருக்குள் தடை செய்யப்பட்ட பொருள். சுருக்குப்பையை வீட்டிலேயே ஒருமுறை உதறிப் பார்த்துவிடுங்கள்.

பூங்கா இருக்கும் மண்டாய் சிங்கப்பூரின் வடக்கே, பாலம் போய்ச் சேரும் உட்லண்ட்ஸுக்கு அருகில்தான் இருக்கிறது. நகருக்குள் போய்த் திரும்ப வேண்டியதில்லை என்பது ஜோகூர்க்காரர்களுக்கு வாய்த்த வசதி. பஸ்ஸில் போவதானால் உட்லண்ட்ஸில் எம்ஆர்டி ரயில் ஏறிக் காத்திப் நிலையத்தில் இறங்குங்கள். அங்கிருந்து பூங்காவுக்கு ஷட்டில் பஸ் ஓடுகிறது. வேன் வாடகைக்கு எடுப்பதாக இருந்தால் எல்லை தாண்டிப் பயணிகளை ஏற்றிச் செல்ல அனுமதி உள்ள வண்டிதானா என்று கேட்டுவிடுங்கள். அனுமதியில்லாத வேன் மலிவாகக் கிடைக்கும். ஆனால் பிடிபட்டால் வண்டியையே பறிமுதல் செய்வார்கள், நீங்கள் சாலையில் நிற்பீர்கள்.

இனி உள்ளே. நைட் சஃபாரி 1994-இல் திறந்தது. இரவுக்கென்றே அமைத்த விலங்குத் தோட்டங்களில் உலகிலேயே முதலாவது, பரப்பு ஏறத்தாழ 35 ஹெக்டர். இலங்கையின் தெஹிவளை விலங்குத் தோட்டத்தை நடத்திய லின் டி அல்விஸ் அதன் திட்டத்துக்கு ஆலோசகராக இருந்தார். அதற்கு முன்பெல்லாம் விலங்குத் தோட்டங்களில் இரவு விலங்குகளை ஓர் அறைக்குள் வைத்து, பகலில் விளக்கை அணைத்தும் இரவில் போட்டும் அவற்றின் பொழுதைப் புரட்டிவைப்பார்கள். இங்கே அந்த ஏமாற்று வேலை இல்லை. நிலநடுக்கோட்டை ஒட்டிய ஊர் என்பதால் ஆண்டு முழுவதும் 7 மணியை ஒட்டியே இருட்டிவிடுகிறது. 7.15-க்குக் கதவு திறக்கிறது. நிலா வெளிச்சம் போல மங்கலான விளக்குகளைப் போட்டிருக்கிறார்கள். வேலிக்குப் பதில் பெரும்பாலும் மறைவான பள்ளங்களும் நீரோடைகளும்தான்.

இந்த மங்கல்தான் பலருக்கு ஏமாற்றமாகப் படுகிறது. “ஒன்றுமே தெரியவில்லை” என்பார்கள். கண்ணுக்குத் தெரியாததற்குக் காரணம் கையில் இருக்கும் கைப்பேசி. இருட்டில் பார்க்க உதவும் கண் செல்களில் உள்ள நிறமி வெளிச்சம் பட்டால் சிதைந்துபோகும். அது திரும்ப ஊறுவதற்கு 20 முதல் 30 நிமிடம் பிடிக்கும், வயதானவர்களுக்கு இன்னும் கூடுதல். ஒரே ஒரு குறுஞ்செய்தியைப் படித்தாலும் அத்தனை நேரம் இருட்டுக்குப் பழகிய கண் பின்னுக்குப் போய்விடும். பிளாஷ் போட்டுப் படமெடுக்க அங்கே தடை. நான் அதற்கும் மேலே போய், டிக்கெட்டைக் காட்டியதும் எல்லாக் கைப்பேசிகளையும் ஒரு பையில் போட்டுக் கட்டிவிடச் சொல்வேன். முதல் 10 நிமிடம் முணுமுணுப்பார்கள்.

டிக்கெட்டை முன்கூட்டியே இணையத்தில் எடுங்கள். நுழையும் நேரத்தையும் அப்போதே தேர்ந்தெடுக்க வேண்டும். 7.15-ஐயே எடுங்கள். உள்ளே போனதும் கூட்டம் மொத்தமும் டிராம் வரிசைக்கு ஓடும். நீங்கள் ஓடாதீர்கள். டிராம் சுற்று ஏறத்தாழ 40 நிமிடம், அதை எட்டரைக்கு மேல் வைத்துக்கொள்ளலாம். அதற்குள் நுழைவாயிலை ஒட்டித் தொடங்கும் மீன்பிடிப் பூனைப் பாதையில் மெதுவாக நடங்கள். இருட்டு இறங்க இறங்க உங்கள் கண்ணும் அதோடு பழகும். மாலை முதல் சாமத்தில்தான் பல விலங்குகள் சுறுசுறுப்பாக நடமாடும், வயிறு நிறைந்த பிறகு சுருண்டுவிடும். பாதைகள் மொத்தம் நான்கு. முழங்கால் வலியோடு நான்கையும் நடக்க வேண்டாம். மாமியாருக்கு மீன்பிடிப் பூனைப் பாதையும் டிராமும் போதும். தேவையென்றால் சக்கர நாற்காலி வாடகைக்குக் கிடைக்கும். மற்றவர்கள் டிராமுக்குப் பின் சிறுத்தைப் பாதையைப் பாருங்கள். அந்தப் பாதையில் பெரிய பழந்தின்னி வௌவால்களைப் பக்கத்தில் பார்க்கலாம். மலாயில் அதன் பெயர் கெலுவாங், நம் குளுவாங்குக்குப் பெயர் தந்ததே அதுதான். ஊர்ப்பெயரை நேரில் பார்த்துவிட்டு வாருங்கள். காட்சி நிகழ்ச்சி ஒன்றும் உண்டு. பிள்ளை கேட்டால் போங்கள், கேட்காவிட்டால் அந்த நேரத்தில் இன்னொரு பாதையில் நடக்கலாம் என்பது என் கட்சி.

டிராமில் மாமியாரை ஓரத்து இருக்கையில் உட்காரவையுங்கள். சில ஆண்டுகளுக்கு முன் லாயாங்-லாயாங்கிலிருந்து ஒரு பாட்டி வந்திருந்தார். முப்பது வருடம் விடியலுக்கு முன்பே நெற்றி விளக்கோடு ரப்பர் மரத்தில் பால் வெட்டியவர். எல்லோரும் இடப்பக்கம் மானைப் பார்த்துக்கொண்டிருக்க, அவர் வலப்பக்கம் கையைக் காட்டி, “அந்தக் கல் மூச்சு விடுகிறது” என்றார். தாப்பிர் என்ற காட்டு விலங்கு. முன்னும் பின்னும் கறுப்பு, நடுவில் வெள்ளை. இருட்டில் கறுப்பு கரைந்துபோய் நடுவில் உள்ள வெள்ளை மட்டும் ஒரு பாறையாகக் கிடக்கும். எங்கள் வரிசையில் வேறு எவரும் அதைக் கவனிக்கவே இல்லை. மூசாங்கின் (மரநாய்) கண் விளக்குப் பட்டால் ஏன் மின்னுகிறது என்று பிறகு கேட்டார். விழித்திரைக்குப் பின்னால் வெளிச்சத்தைத் திருப்பி அனுப்பும் படலம் ஒன்று அதற்கு இருக்கிறது, நமக்கு இல்லை என்றேன். “இருந்திருந்தால் விளக்குக் காசு மிச்சம்” என்றார்.

மழையைப் பற்றி: தூறலுக்கு டிராம் நிற்காது, கூரை உண்டு, பக்கங்கள்தான் திறப்பு. குடை வேண்டாம், பின்னால் இருப்பவருக்கு மறைக்கும். ஆளுக்கொரு மழைக்கோட்டு எடுத்துக்கொள்ளுங்கள். இடி மின்னல் என்றால் நிறுத்திவைப்பார்கள், காத்திருக்க வேண்டியதுதான். டிசம்பர் விடுமுறை பருவமழைக் காலம், சிங்கப்பூரிலும் அப்போது பள்ளி விடுமுறை. வேறு விடுமுறை கிடைத்தால் அதில் போங்கள். கொசு மருந்தை மறக்க வேண்டாம்.

பூங்கா நள்ளிரவு வரை திறந்திருக்கும். பஸ், எம்ஆர்டியை நம்பியிருப்பவர்கள் 10 மணிக்கே வாசலுக்கு வந்துவிடுங்கள். வேனில் வந்தவர்களுக்கு 10.30 வரை நேரம் உண்டு. நெடுஞ்சாலையை விட்டுச் செம்பனைத் தோட்டங்களுக்குள் திரும்பியதும் ஓட்டுநரை மெதுவாகப் போகச் சொல்லுங்கள். ஜோகூர்ச் சாலைகளில் வண்டி மோதித் தாப்பிர் சாவது புதிதல்ல. அந்த நேரத்தில் எல்லோரும் தூங்கிக்கொண்டிருப்பீர்கள். மாமியாரை மட்டும் முன் இருக்கையில் உட்காரவையுங்கள்.