கேள்வி-பதில்: வேட்டைக்கும் முகாமுக்கும் இடுப்புக் கத்தி

கேள்வி: அண்ணா, வேலையிடத்து நண்பர்களோடு வரும் நவம்பரில் ஒண்டாரியோவின் வடக்கே மான் வேட்டைக்குப் போகிறேன். வகுப்பு, உரிமம், துப்பாக்கி எல்லாம் ஆயிற்று. இடுப்பில் மாட்டும் கத்திதான் பாக்கி. கடையில் 25 டாலருக்கும் இருக்கிறது, 250 டாலருக்கும் இருக்கிறது. கூட வருகிறவர் ஏழு அங்குலக் கத்தி வைத்திருக்கிறார், அதையே வாங்கச் சொல்கிறார். எதை வாங்க? — டொராண்டோ வாசகர்

பதில்: ஏழு அங்குலம் அவரிடமே இருக்கட்டும் தம்பி. விழுந்த மானிடம் கத்திக்கு என்ன வேலை என்று பாருங்கள். வயிற்றைத் திறக்க வேண்டும். மலவாயைச் சுற்றி அறுத்து விடுவிக்க வேண்டும். உதரவிதானத்தை அறுத்துவிட்டு, முழங்கை வரை கையை மார்புக்கூட்டுக்குள் விட்டு மூச்சுக்குழாயைத் துண்டிக்க வேண்டும். இந்தக் கடைசி வேலையில் கண்ணுக்கு எதுவும் தெரியாது. நுனி எங்கே இருக்கிறது என்று விரல்தான் சொல்லும், அதுவும் இரத்தமும் கொழுப்புமாக வழுக்கும் விரல். இன்னொரு கையும் உள்ளேதான் இருக்கும். அங்கே நீள அலகு அறுக்கிற முதல் பொருள் உங்கள் கையாக இருந்துவிடக் கூடாது. 9 முதல் 11 செ.மீ. அலகு தாராளம். ஸ்காண்டிநேவியாவில் மூஸ் எனும் பெரிய மான் இனத்தின் 400 கிலோ காளையையே அந்த அளவுக் கத்தியால் பிரிக்கிறார்கள்.

அடுத்து நுனியைப் பாருங்கள். முதுகு மெல்லச் சரிந்து, நுனி கொஞ்சம் கீழே இறங்கியிருக்கும் வடிவத்தை ‘ட்ராப் பாயின்ட்’ என்பார்கள். அமெரிக்கக் கத்திக் கலைஞர் பாப் லவ்லெஸ் வேட்டைக் கத்திகளில் பரப்பிய வடிவம் இது. வயிற்றைத் திறக்கும்போது இரண்டு விரலால் தோலைத் தூக்கிப் பிடித்து, கத்தியின் வாய் (கூர் ஓரம்) மேலே பார்க்க, உள்ளிருந்து வெளியே அறுக்க வேண்டும். வாய்ப் பக்கமாக இறங்கிய நுனி அப்போது மேலே நிற்பதால் குடலைக் குத்தாது. குடல் கிழிந்தால் இறைச்சி என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. உள்ளிருந்து வெளியே அறுப்பதில் இன்னொரு லாபமும் உண்டு: மான் முடியில் மண்ணும் மணலும் இருக்கும். முடிப் பக்கமிருந்து அறுத்தால் பத்து நிமிடத்தில் கூர் போய்விடும், இறைச்சியிலும் முடி ஒட்டும்.

முதுகில் கொக்கி வைத்த கத்திகள் இதே வேலைக்குத்தான் வருகின்றன. அந்தக் கொக்கியைத் தீட்ட உருட்டு அரம் தேவை. வாங்கியவர்களில் பெரும்பாலோர் ஒருமுறைகூடத் தீட்டுவதில்லை. வேண்டாம்.

சரி, விலை. ஸ்வீடனில் மோரா என்ற ஊரில் 19-ஆம் நூற்றாண்டிலிருந்து தொழிற்சாலைகளில் கத்தி செய்கிறார்கள். அந்த ஊர்க் கம்பெனியான மோராக்னீவின் ‘கம்பானியன்’ கத்திதான் நீங்கள் சொல்லும் 25 டாலர் வட்டாரத்தில் கிடைப்பது. 10 செ.மீ. சொச்சம் அலகு, 2.5 மி.மீ. கனம், ரப்பர் பூசிய பிடி, பிளாஸ்டிக் உறை. பார்க்க ஒன்றும் அழகில்லை. ஆனால் முதல் கத்திக்கு இதற்கு மேல் தேவையில்லை என்பது என் கட்சி. பிடியின் முன்பக்கம் ஒரு திரட்சி இருக்கிறதா என்று பாருங்கள், இரத்தத்தில் கை முன்னால் வழுக்கி வாயில் ஏறாமல் அதுதான் தடுக்கும். ஆரஞ்சு நிறத்தில் கிடைத்தால் அதையே எடுங்கள். பழுப்புப் பிடிக் கத்தியை நவம்பர் மாதத்துச் சருகில் கீழே வைத்தால் தேடிக்கொண்டே இருக்க வேண்டியதுதான்.

அலகின் இரும்பு, பிடிக்குள் கடைசி வரை ஓட வேண்டும், இல்லாவிட்டால் உடையும் என்று சிலர் பயமுறுத்துவார்கள். கத்தியின் முதுகில் கட்டையால் அடித்து விறகு பிளக்கிறவர்களுக்கு அந்தக் கவலை நியாயம். நீங்கள் விறகுக்குச் சின்னக் கோடரி கொண்டு போங்கள். பிளந்தே தீருவேன் என்றால் அதே கம்பெனியின் ‘கார்பெர்க்’ இருக்கிறது: 3.2 மி.மீ. கனம், இரும்பு பிடியின் கடைசி வரை ஓடும். அதற்கு மேல் 5 மி.மீ., 6 மி.மீ. என்று போகும் ‘சர்வைவல்’ கத்திகள் இறைச்சியில் ஆப்பு மாதிரி சிக்கும், உருளைக்கிழங்கைக்கூட அறுக்காமல் பிளக்கும்.

250 டாலர் கத்தி ஏமாற்று வேலையா என்றால், இல்லை. நல்ல மரப்பிடி, தோலுறை, கூர் அதிக நேரம் நிற்கும் எஃகு எல்லாம் அதில் உண்டு. ஆசைக்கு வாங்கலாம், இரண்டாவது கத்தியாக. முதல் வருடம் மிச்சக் காசில் ஒரு சாணைக்கல்லும், இடுப்பெலும்புக்கு ஒரு மடக்கு ரம்பமும் வாங்குங்கள். எலும்பில் கத்தியை வைத்து அழுத்துவதுதான் வாய் பல்லுப் பல்லாகப் போவதற்குப் பெரிய காரணம். முழங்கால் மூட்டு மாதிரி இடங்களில் எலும்பை வெட்டவே வேண்டாம், பொருத்தைத் தடவிப் பார்த்து தசைநாரை அறுத்தால் கழன்று வந்துவிடும்.

கேள்வி: இணையத்தில் ‘கையால் அடித்த டமாஸ்கஸ்’ என்று ஒரு வேட்டைக் கத்தி, மான்கொம்புப் பிடியோடு 40 டாலருக்கு வருகிறது. அலகு முழுக்க அலை அலையாகக் கோலம். வாங்கலாமா?

பதில்: அந்தக் கோலம் எப்படி வருகிறது? இரண்டு வகை எஃகை அடுக்கி, காய்ச்சி அடித்து, மடித்து மடித்து ஒட்ட வைப்பார்கள். பிறகு அமிலத்தில் தோய்த்தால் ஒன்று கறுக்கும், மற்றது வெளுப்பாக நிற்கும். நாள் கணக்கில் உழைப்பு. அது 40 டாலருக்கு, அதுவும் கொம்புப் பிடியோடு வருகிறது என்றால் எங்கோ குறைத்திருக்கிறார்கள், பெரும்பாலும் எஃகிலும், பதம் வைத்ததிலும் (காய்ச்சிக் குளிரவைத்துக் கடினமாக்குவதில்). சில கத்திகளில் சாதாரணத் தகட்டின் மேல் கோலத்தை மட்டும் பொறித்து விடுகிறார்கள்.

விற்கிறவர் என்ன எழுதியிருக்கிறார் என்று படியுங்கள். எஃகின் பெயர் இருக்கிறதா? 12C27, 14C28N, 420HC, 1095 என்று ஏதாவது ஒன்று இருக்க வேண்டும். எஃகின் கடினத்தைக் காட்டும் ராக்வெல் எண் 56-லிருந்து 60-க்குள் சொல்லியிருந்தால் இன்னும் நல்லது. ‘உயர்தர எஃகு’ என்று மட்டும் போட்டிருந்தால் பக்கத்தை மூடிவிடுங்கள்.

கார்பன் எஃகா, துருப்பிடிக்காததா என்று அடுத்துக் கேட்பீர்கள். குரோமியம் ஏறக்குறைய 10.5 சதவீதத்துக்கு மேல் இருந்தால்தான் ஸ்டெயின்லெஸ். அதுவும் துருவைத் தள்ளிப் போடுமே தவிர, துருவே பிடிக்காது என்பதில்லை. கார்பன் எஃகு சீக்கிரம் கூராகும். வெங்காயமும் எலுமிச்சையும் பட்டுப்பட்டு நீலமும் சாம்பலுமாக நிறம் மாறும், அது துரு அல்ல, கேடும் இல்லை. ஆனால் இரத்தத்தோடு ஒரு ராத்திரி விட்டால் காலையில் செம்புள்ளி நிச்சயம். வேட்டை முடிந்த இரவில் கத்தி கழுவுகிற ஆள்தானா நீங்கள் என்று உங்களையே கேட்டுக்கொண்டு வாங்குங்கள். S35VN போன்ற விலை உயர்ந்த எஃகுகள் கூரை நெடுநேரம் பிடித்து வைக்கும். மழுங்கிவிட்டால் வைரக்கல் இல்லாமல் தீட்டுவது பெரும்பாடு.

கேள்வி: நார்வேயில் இருக்கிறேன். பிர்ச் மரப்பிடி, தோலுறை போட்ட நல்ல கத்தி. போன இலையுதிர் காலத்தில் கழுவித் துடைத்து, தேங்காய் எண்ணெய் பூசி உறைக்குள் வைத்தேன். வசந்தத்தில் எடுத்தால் அலகில் துருப்புள்ளிகள். நான் செய்ததில் என்ன பிழை?

பதில்: எண்ணெய் பூசியது சரி. உறைக்குள் வைத்ததுதான் வினை. தோல் ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும், பதனிட்ட உப்பும் அமிலமும் வேறு அதில் மிச்சம் இருக்கும். இடுப்பில் இருக்கும் வரைதான் உறை. வீட்டுக்கு வந்தால் கத்தி தனியே, உறை தனியே. அலகை உலர்ந்த துணியில் சுற்றி இழுப்பறையில் போட்டால் போதும்.

தேங்காய் எண்ணெய் அவசரத்துக்கு ஓகே. 24 டிகிரிக்குக் கீழே உறைந்துவிடும் என்பதால் உங்கள் ஊர்க் குளிரில் அது பரவாமல் திட்டுத் திட்டாக நிற்கும். நல்லெண்ணெயும் சூரியகாந்தி எண்ணெயும் நாளாக நாளாகப் பிசின் மாதிரி ஒட்டும். மருந்துக் கடையில் லிக்விட் பாரஃபின் என்று கிடைக்கும் கனிம எண்ணெய்தான் நல்லது: கெட்டுப் போகாது, உறையாது, உணவில் பட்டாலும் பயமில்லை. இரண்டு சொட்டு விட்டுத் துணியால் துடையுங்கள், பளபளவென்று வழிய வேண்டாம்.

இப்போது இருக்கும் புள்ளிகளை மிக மெல்லிய எஃகுப் பஞ்சில் (0000 என்று போட்டிருக்கும்) எண்ணெய் தொட்டு மெதுவாகத் தேயுங்கள். குழி விழுந்திருந்தால் அது போகாது. வாயில் விழாத வரை பரவாயில்லை.

கழுவும் முறையையும் சொல்லி விடுகிறேன். முதலில் பச்சைத் தண்ணீர். வெந்நீரை நேரே ஊற்றினால் இரத்தம் வெந்து ஒட்டிக்கொள்ளும். அப்புறம் வெதுவெதுப்பான தண்ணீரும் சோப்பும், உடனே துடைப்பு. பாத்திரம் கழுவும் எந்திரம் கூடவே கூடாது. அந்தச் சூட்டிலும் காரத்திலும் மரப்பிடி வெடிக்கும்.

உங்கள் தோலுறையின் உள்ளே இரத்தம் போயிருந்தால் அதை ஒழுங்காகச் சுத்தம் செய்ய வழியே இல்லை. நனைந்த உறையை நெருப்போரம் காயப் போடாதீர்கள், சுருங்கி விறைத்துவிடும். இறைச்சி வேலைக்கு, கழுவக்கூடிய பிளாஸ்டிக் உறையையும் அடியில் தண்ணீர் வடிய ஓட்டையையும் நான் விரும்புவது இதனால்தான். எந்த உறையானாலும் தலைகீழாகப் பிடித்து நன்றாக உதறிப் பாருங்கள், கத்தி நழுவக் கூடாது. தோலுறையில் தையல் வரியைப் பாருங்கள்: கத்தியைச் செருகும்போது வாய் உரசி நூல் அறுந்திருந்தால், நீங்கள் சறுக்கி விழும் நாளில் அலகு வெளியே வந்து தொடையில் இறங்கும். விரல் வெட்டிக்கொள்வதும் அறுக்கும்போது மட்டும் அல்ல, பார்க்காமல் உறையில் செருகும்போதும்தான்.

கலைமான் (ரெயின்டீர்) வேட்டைக்குப் போகிறவர் என்றால் இன்னொன்று. 2016-இல் ஐரோப்பாவில் முதல்முறையாக மான்களின் ‘சி.டபிள்யூ.டி.’ எனும் மூளை நோய் நார்வேயின் நூர்ஃபியெல்லா மலைப்பகுதியில்தான் தென்பட்டது. அதைப் பரப்பும் பிரியான் புரதம் கொதிநீருக்கெல்லாம் மசியாது. இறைச்சிக் கத்தியால் மூளையையும் தண்டுவடத்தையும் தொடாதீர்கள், அதற்குத் தனிக் கத்தி வையுங்கள்.

கேள்வி: கத்தி மழுங்கினால் கடையில் கொடுத்து எந்திரத்தில் சாணை பிடிக்கலாமா? அல்லது இழுத்தால் கூராகும் சின்னக் கருவி போதுமா?

பதில்: எந்திரக் கல்லில் பொறி பறக்கத் தீட்டும்போது வாய் ஓரம் நீலம் பாய்ந்தால் அந்த இடத்தில் பதம் இறங்கிவிட்டது என்று அர்த்தம். பிறகு எத்தனை தீட்டினாலும் அங்கே கூர் நிற்காது. இழுக்கும் கருவி தீட்டுவதில்லை, சுரண்டுகிறது. அதுவும் தனக்குள்ள ஒரே கோணத்தில்.

1000 எண் (சொரசொரப்பின் அளவு) கல் ஒன்று வாங்குங்கள். மோரா வகைக் கத்தியில் வாய்க்கு மேலே அகலமான சரிவு ஒன்று தெரியும். அந்தச் சரிவு முழுவதும் கல்லில் படும்படி வைத்தால் கோணம் தானே அமையும், கணக்கு வேண்டாம். புதிதாகப் பழகுகிறவர்களுக்கு இந்த வகையைச் சொல்வதற்குப் பாதிக் காரணம் இதுதான். மற்றக் கத்திகளுக்கு 20 டிகிரி வாக்கில் பிடியுங்கள்: அலகு 25 மி.மீ. அகலம் என்றால் முதுகு கல்லிலிருந்து 8, 9 மி.மீ. உயரத்தில் இருக்க வேண்டும். சரிவில் மார்க்கர் பேனாவால் கோடு போட்டு நாலு தரம் தேய்த்துப் பாருங்கள். மை வாயோரம் அப்படியே இருந்தால் முதுகைக் கொஞ்சம் தூக்க வேண்டும். மேலே மட்டும் இருந்தால் இறக்க வேண்டும்.

ஒரு பக்கம் தேய்க்கத் தேய்க்க, மறுபக்க ஓரத்தில் கம்பி போல ஒரு பிசிறு எழும். கட்டைவிரலைக் குறுக்கே இழுத்தால் நகத்தில் தட்டும். நுனி வரை தட்டினால்தான் அந்தப் பக்கம் முடிந்தது. திருப்பிப் போட்டு அதே வேலை. பிறகு 3000 கல்லில் அழுத்தாமல் சில தரம், கடைசியில் பழைய தோல் பெல்ட்டின் உட்புறத்தில் பின்னோக்கி இழுங்கள். பிசிறு எழும் முன்பே அடுத்த கல்லுக்குத் தாவுவதால்தான் ‘எனக்குத் தீட்டவே வரவில்லை’ என்று பலர் விட்டுவிடுகிறார்கள். காட்டுக்கு உள்ளங்கை அளவு வைரத்தகடு ஒன்று போதும்.

கேள்வி: லண்டனிலிருந்து வார இறுதியில் கூடாரம் போடப் போகிறோம். இடுப்பில் கத்தி மாட்டிக்கொண்டு ரயிலில் போகலாமா?

பதில்: மாட்டிக்கொண்டு வேண்டாம். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 1988-ஆம் ஆண்டுக் குற்றவியல் நீதிச் சட்டத்தின் 139-ஆம் பிரிவுப்படி, மூன்று அங்குலத்துக்கு மேற்படாத, பூட்டு இல்லாத மடக்குக் கத்தியைத்தான் காரணம் இல்லாமல் பொது இடத்தில் வைத்திருக்கலாம். விரித்தபின் வளையத்தைத் திருப்பிப் பூட்டும் ஓபினல் 8 எனும் பிரெஞ்சு மடக்குக் கத்திகூட அதில் சேராது. இடுப்புக் கத்திக்கு நியாயமான காரணம் வேண்டும், அதைக் காட்டும் பொறுப்பும் உங்களுடையது. முகாமுக்குப் போகிற வழி காரணம்தான். கத்தியைத் துணியில் சுற்றிப் பையின் அடியில், சமையல் சாமான்களோடு வையுங்கள். திரும்பி வந்ததும் வீட்டில் இறக்கிவிடுங்கள். அடுத்த வாரம் காரில் கிடந்தால், ‘மறந்துவிட்டேன்’ என்பது மட்டும் காரணமாகாது.

கேள்வி: சென்னைக்காரன். மலையேற்றத்துக்கு வெளிநாட்டிலிருந்து அண்ணனிடம் வேட்டைக் கத்தி வாங்கிவரச் சொல்லலாமா?

பதில்: வேட்டை என்ற பேச்சை விடுங்கள், 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி இங்கே அதற்கு இடமில்லை. காய் நறுக்க, கயிறு அறுக்க என்றால் 10 செ.மீ. கத்தியே அதிகம். வீட்டு, விவசாய வேலைக்கென்று செய்யாத கத்தியில் அலகு 9 அங்குல நீளத்தையோ 2 அங்குல அகலத்தையோ தாண்டினால் ஆயுத விதிகளுக்குள் வந்துவிடும். அண்ணனிடம் சின்னதாகவே கேளுங்கள். விமானத்தில் அதைக் கைப்பையில் வைக்காமல், உறையோடு அட்டையில் சுற்றிப் பெரிய பெட்டியில் போட்டு அனுப்பச் சொல்லுங்கள்.