ஈரலுக்கு ஆர்.என்.ஏ. டெஸ்ட் தேவையா?

கேள்வி: கணவருக்கு வயது 48. ஃபேட்டி லிவர். ஈரல் என்சைம்களான எஸ்.ஜி.பி.டி. 78, எஸ்.ஜி.ஓ.டி. 52, பிளேட்லெட் 2.1 லட்சம். மைக்ரோ ஆர்.என்.ஏ. பரிசோதனை செய்தால் எல்லாம் தெரிந்துவிடும் என்கிறார்கள். அதற்காகக் கோவை போகலாமா?
– வாசகி, கோத்தகிரி

பதில்: அதற்காக மட்டும் மலையிறங்க வேண்டாம், சகோதரி.

மரபணுவிலிருந்து நகலெடுக்கப்படும் மூலக்கூறுதான் ஆர்.என்.ஏ. நம் ஆர்.என்.ஏ.க்களில் பல, புரதம் தயாரிக்கும் குறிப்பைச் சுமப்பதில்லை. அவற்றில் சில, மற்ற மரபணுக்களை அடக்கி ஆள்கின்றன. இந்த வகையில் மைக்ரோ ஆர்.என்.ஏ. மிகக் குட்டி, சுமார் 22 மரபு எழுத்துதான். இதைக் கண்டறிந்ததற்கே 2024-ல் அம்ப்ரோஸ், ருவ்குன் என்ற இரு விஞ்ஞானிகளுக்கும் நோபல் பரிசு. ஈரலில் 'மிர்-122' என்ற ஒன்றுதான் ஏராளம். எலிகளில் அதை நீக்கியபோது ஈரலில் கொழுப்பு சேர்ந்து, தழும்பேறி, புற்றுநோய் வரை போனது. ஆனால் ஹெபடைடிஸ் சி வைரஸ் பெருகுவதும் இதையே பற்றிக்கொண்டுதான்! ஈரல் செல் சிதைந்தால் இது ரத்தத்தில் கசியும். ஆனால் எந்த நோயால் சிதைந்தது என்று சொல்லாது. எல்லா லேபுக்கும் பொதுவான அளவுகோலும் இல்லை.

ஈரலில் தழும்பு இருக்க வாய்ப்புண்டா என்று முதலில் கணிக்க, கையிலுள்ள ரிப்போர்ட்டே போதும். இதை 'ஃபிப்-4' கணக்கு என்பார்கள். வயதை எஸ்.ஜி.ஓ.டி.யால் பெருக்குங்கள்: 2496. பிளேட்லெட்டை ஆயிரத்தில் எடுத்து (210), எஸ்.ஜி.பி.டி.யின் வர்க்கமூலத்தால் (8.83) பெருக்கினால் சுமார் 1854. முதலாவதை இரண்டாவதால் வகுத்தால் 1.35. இது 1.3-க்குக் கீழ் இருந்தால் தழும்புக்கு வாய்ப்பு குறைவு, 2.67-ஐத் தாண்டினால் கவலை. உங்கள் கணவர் எல்லைக்கோட்டை ஒட்டி நிற்பதால், ஈரலின் இறுக்கத்தை அளக்கும் ஃபைப்ரோஸ்கேன் எடுப்பது நல்லது. அதற்குக் கோவை போகலாம். ஸ்கேனுக்கு முன் 3 மணி நேரம் வெறும் வயிறு அவசியம். வழியில் மேட்டுப்பாளையத்தில் டிபன் சாப்பிட்டால் ஈரலுக்கு ரத்த ஓட்டம் கூடி, இறுக்கம் பொய்யாக அதிகம் காட்டும்.

எடை 80 கிலோ என்றால் 6 முதல் 8 கிலோ குறையட்டும். மது கூடவே கூடாது. டீக்குச் சர்க்கரையும் வர்க்கியும் இப்போதைக்கு வேண்டாம்.