வாசகர் கேள்வி – பதில்: சிறிய கைத்துப்பாக்கியில் எதை மாற்றலாம், எதைத் தொடக் கூடாது?

கேள்வி: தங்கசாலைப் பகுதியில் தொழில் செய்கிறேன், வீடு தண்டையார்பேட்டையில். முறையான உரிமத்தின் பேரில் .32 அளவுள்ள உள்நாட்டுத் தயாரிப்புக் கைத்துப்பாக்கி ஒன்றை வைத்திருக்கிறேன். டெக்சஸில் வசிக்கும் என் மைத்துனர் டாரஸ் ஜி3சி என்ற விலை குறைந்த கைத்துப்பாக்கியை வாங்கி, இருட்டில் ஒளிரும் குறிகள் (இலக்கு பார்க்கும் முன், பின் மேடுகள்), மெல்லிய ஸ்பிரிங்குகள், நீளமான மேகசின் (தோட்டாக்களை அடுக்கும் கூடு) எனப் பலவற்றை மாற்றியிருக்கிறார். எனக்கும் அவற்றைப் பார்சலில் அனுப்புவதாகச் சொல்கிறார். வரவழைக்கலாமா?
– வாசகர், தண்டையார்பேட்டை

பதில்: அந்தப் பார்சல் வேண்டாம் என்று மைத்துனரிடம் இன்றே சொல்லிவிடுங்கள். 1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி துப்பாக்கியின் பாகங்களும் ஆயுதங்களே. தனியாக வரும் ஒரு குழலையோ, விசைத் தொகுதியையோ, மேகசினையோ வெளிநாட்டிலிருந்து தபாலில் தருவிக்க அச்சட்டத்தின் 10-ஆவது பிரிவின்படி தனி உரிமம் வேண்டும்; தங்கள் கையிலிருக்கும் உரிமம் அதற்குப் போதாது. இந்தப் பிரிவை மீறுவது சிறைத் தண்டனைக்குரிய குற்றம். சில ஆயிரம் ரூபாய் பெறுமானமுள்ள ஒரு ஸ்பிரிங்குக்காகக் குடும்பத்தையே அலைக்கழிக்கக்கூடிய வழக்கு இது.

சட்டம் இடம் கொடுத்தாலும் அந்தப் பாகங்கள் தங்களுக்குப் பயன்பட மாட்டா. மைத்துனரின் துப்பாக்கி 9×19 மி.மீ. தோட்டாவைச் சுடுவது, அந்த அளவு நம் நாட்டில் தனிநபர்களுக்குத் தடை செய்யப்பட்டது. தங்களுடைய .32 துப்பாக்கி 7.65 மி.மீ. தோட்டாவுக்கானது. குழலும், அதன் மேல் முன்னும் பின்னும் நகரும் ஸ்லைடும், மேகசினும், ஸ்பிரிங்கின் வலுவும் முற்றிலும் வேறு. உள்நாட்டுத் துப்பாக்கிக்கான பழுதுபார்ப்பும் மாற்றமும்கூட, அதற்கென உரிமம் பெற்ற விற்பனையாளரிடமே நடக்க வேண்டும் என்பது 5-ஆவது பிரிவின் கட்டளை. தெரிந்த லேத் பட்டறையில் கொடுத்து ஒரு பாகத்தை அராவி வாங்குவது, பட்டறைக்காரர் எவ்வளவு கைதேர்ந்தவராக இருந்தாலும், தங்களையும் அவரையும் ஒருசேரக் குற்றவாளியாக்கிவிடும். குழலைக் குட்டையாக்குவதை 6-ஆவது பிரிவு தனியாகவே தடுக்கிறது.

மைத்துனர் செய்த மாற்றங்களை எடைபோட்டுப் பார்ப்பது தங்களுக்கும் உதவும். ஜி3சி 300 டாலர் அளவில் விற்கும் துப்பாக்கி. குழலின் நீளம் 3.2 அங்குலம், மேகசினில் 12 தோட்டாக்கள். விலைக்கு ஏற்ற நல்ல பொருள்தான். இத்தகைய துப்பாக்கியில் முதலில் பணம் போட வேண்டிய இடம் குறிகள் என்பதே என் உறுதியான கருத்து. சிறிய கைத்துப்பாக்கியில் முன்குறிக்கும் பின்குறிக்கும் இடையிலுள்ள தூரம் மிகக் குறைவு. அதை 130 மி.மீ. என்று கொண்டால், இரு குறிகளும் ஒன்றோடொன்று 1 மி.மீ. விலகியிருக்கும் நிலையில் சுடும் தோட்டா, 10 மீட்டர் தொலைவிலுள்ள இலக்கு அட்டையில் ஏறத்தாழ 7.7 செ.மீ. தள்ளிப் படும். கண்ணுக்குத் தெளிவாகத் தெரியாத குறியை வைத்துக்கொண்டு இந்தப் பிழையைக் குறைக்க வழியில்லை. ஆகவே மைத்துனர் குறிகளை மாற்றியது சரியே. ஆனால் அவற்றில் ஒளிர்வது ட்ரிட்டியம் வாயுவாக இருந்தால், அதன் அரை ஆயுள் சுமார் 12.3 ஆண்டுகள் என்பதால், பன்னிரண்டு ஆண்டுகளில் ஒளி பாதியாகிவிடும் என்பதை அவர் அறிந்திருக்க வேண்டும்.

தங்களுக்கு இந்தச் செலவே தேவையில்லை. முன்குறியின் பின்புறத்தை எண்ணெய்ப் பசை இல்லாமல் துடைத்து, முதலில் வெள்ளை எனாமலும், அது காய்ந்த பின் அதன் மேல் ஆரஞ்சு நிறமும் ஒரு பொட்டு வைத்துக்கொண்டால், பின்குறியின் கறுப்புக்கு நடுவே அது பளிச்சென்று தெரியும். தோட்டாக்களை வேறு அறையில் வைத்துவிட்டு, துப்பாக்கியில் தோட்டா நிற்கும் இடம் காலியாக இருப்பதைக் கண்ணாலும் விரலாலும் சோதித்த பிறகே இதைச் செய்யுங்கள்.

மெல்லிய ஸ்பிரிங்குகளைப் பற்றி மைத்துனரிடம் தாங்கள் கண்டிப்பாகவே பேச வேண்டும். விசையை இலகுவாக்குவதற்காக, தோட்டாவை அடிக்கும் ஊசியான ஸ்ட்ரைக்கரின் ஸ்பிரிங்கை வலுக்குறைத்தால், தோட்டாவின் அடியிலிருந்து மருந்தைப் பற்றவைக்கும் ப்ரைமரில் விழும் அடியும் வலுவிழந்து, தோட்டா வெடிக்காமல் போகலாம். ஸ்லைடைத் திருப்பும் ஸ்பிரிங்கை மெலிதாக்கினால் ஸ்லைடு துப்பாக்கியின் உடற்சட்டத்தில் ஓங்கி மோதும். அளவுக்கு மீறிக் கடினமாக்கினால் வெற்றுக்கூடு சரியாக வெளியேறாது. தொழிற்சாலை இவற்றை ஒன்றுக்கொன்று ஈடுகட்டித்தான் அமைத்திருக்கிறது. தற்காப்புக்காக வைத்திருக்கும் துப்பாக்கியில் விசை சற்றுக் கடினமாக இருப்பது குறையே அல்ல; பதற்றத்தில் விரல் நடுங்கும்போது அந்தக் கடினம்தான் காப்பாற்றுகிறது. விசை உண்மையிலேயே சொரசொரப்பாக இருந்தால், தோட்டா இல்லாமல் விசையை இழுத்துப் பழகும் வெற்று விசைப் பயிற்சியிலேயே அது ஓரளவு வழவழப்பாகிவிடும். தேய்ந்த ஸ்பிரிங்குக்குப் பதிலாக அதே வலுவுள்ள புதியதைப் போடுவது வேறு விஷயம். அது அவசியமான பராமரிப்பு.

நம் பகுதிக்கென்றே ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். காசிமேட்டிலிருந்து எண்ணூர் வரை வீசுவது உப்புக் காற்று. ஜன்னல் கம்பியை அரிக்கும் அதே காற்று, மேசை அறைக்குள் இருக்கும் துப்பாக்கியையும் விடாது. இங்கு பலர் செய்யும் தவறு, துப்பாக்கியைத் தோல் உறைக்குள் வைத்தபடியே பூட்டிவிடுவது. தோல் ஈரத்தையும் உப்பையும் உறிஞ்சி வைத்துக்கொண்டு இரும்பின் மீதே ஒட்டியிருக்கும். மழைக்காலம் முடிவதற்குள் ஸ்லைடின் ஓரங்களில் செந்துரு பூத்துவிடும். உறையை வெளியில் தனியாக மாட்டுங்கள். துப்பாக்கியை எண்ணெய் தொட்ட துணியால் வாரம் ஒரு முறை துடைத்து, ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பொட்டலத்துடன் இரும்புப் பெட்டியில் வைத்துப் பூட்டுங்கள். மேகசினின் உட்புறத்தில் எண்ணெய் தேங்க விடாதீர்கள். அது தோட்டாவின் ப்ரைமருக்குள் கசிந்து அதைக் கெடுத்துவிடும்.

மிச்சப்படும் பணத்தைப் பயிற்சிக்குச் செலவிடுங்கள். எழும்பூரிலுள்ள ரைபிள் கிளப்பில் சேர்வது பற்றி விசாரித்து, பயிற்சியாளரின் கண்முன்னால் நிதானமாகச் சுடும் ஒரு பெட்டித் தோட்டா தரும் முன்னேற்றத்தை எந்தப் பாகமும் தராது.

கேள்வி: மேகசினில் தோட்டாவை நிரப்பியே வைத்தால் ஸ்பிரிங் தளர்ந்துவிடும் என்கிறார்களே, உண்மையா?
– வாசகர், இராயபுரம்

பதில்: நல்ல எஃகு ஸ்பிரிங், அழுந்தியபடி இருப்பதால் தளர்வதைவிடத் திரும்பத் திரும்ப அழுந்தி விரிவதால்தான் அதிகம் தளர்கிறது. தோட்டா ஏறாமல் சிக்கினால் பெரும்பாலும் துப்பாக்கியைக் குறை சொல்கிறோம். காரணம் பலமுறை மேகசினில்தான் இருக்கும். இரண்டு மேகசின்கள் இருந்தால் அடியில் 1, 2 என்று எண் எழுதிவையுங்கள். எந்த எண்ணில் சிக்குகிறதோ அதை விற்பனையாளரிடம் காட்டுங்கள்.

கேள்வி: கல்லூரியில் படிக்கும் என் மகள் 10 மீட்டர் ஏர் பிஸ்டல் பயிற்சிக்குப் போகிறாள். விலை குறைந்த பிஸ்டல்தான் வாங்கிக் கொடுக்க முடிந்தது. உடன் பயிலும் பிள்ளைகள் விசையைப் பூப்போல இலகுவாக்கிக்கொள்ளச் சொல்கிறார்களாம். செய்யலாமா?
– வாசகி, திருவொற்றியூர்

பதில்: அம்மா, போட்டி விதிப்படி ஏர் பிஸ்டலின் விசை குறைந்தது 500 கிராம் எடையைத் தாங்க வேண்டும். அதைவிட இலகுவாக்கினால் போட்டிக்கு முன் நடக்கும் சோதனையிலேயே மகளின் பிஸ்டல் திருப்பி அனுப்பப்படும். மொத்த எடை 1,500 கிராமைத் தாண்டக் கூடாது என்பதும், 420×200×50 மி.மீ. பெட்டிக்குள் அடங்க வேண்டும் என்பதும் மற்ற இரண்டு வரம்புகள்.

இந்த வரம்புக்குள் தாங்கள் செய்யத்தக்க செலவு பிடியில்தான். தொழிற்சாலையிலிருந்து வரும் மரப்பிடி பெரும்பாலும் ஆண்களின் கைக்கு ஏற்றபடி பருமனாக இருக்கும். மகளின் கை சிறியதென்றால், ஒவ்வொரு முறை தூக்கும்போதும் பிடிமானம் சற்று மாறி, அட்டையில் குண்டுகள் இங்கொன்றும் அங்கொன்றுமாகச் சிதறும். சிறிய அளவுப் பிடி தனியாகக் கிடைக்கிறதா என்று விற்றவரிடமே கேளுங்கள். கிடைக்காவிட்டால், பயிற்சியாளர் பக்கத்தில் இருந்து அடையாளமிட்டுக் கொடுக்க, இடித்த இடங்களில் மட்டும் உப்புத்தாளால் சிறிது சிறிதாகத் தேய்த்துக் குறைக்கலாம். அதிகம் எடுபட்டுவிட்ட இடத்தை மரத்தூள் கலந்த எபாக்சிப் பூச்சால் நிரப்பிக்கொள்ளலாம். உள்ளங்கைத் தாங்கியும் சுடும் கையின் மற்றப் பிடிப் பகுதிகளும் மணிக்கட்டைச் சுற்றி வளைத்துக் கட்டுவதுபோல் அமைந்துவிடக் கூடாது. மணிக்கட்டு தாங்கலின்றித் தெளிவாக விலகி நிற்க வேண்டும் என்று விதி சொல்கிறது.