வால்வு ரேடியோவை உடனே ப்ளக்கில் செருகாதீர்கள்

கேள்வி: பரணில் கிடந்த பழைய வால்வு ரேடியோ ஒன்று என்னிடம் வந்திருக்கிறது. தந்தநிறப் பிளாஸ்டிக் பெட்டி, முன்பக்கம் கண்ணாடி டயல். எல்லாம் எண்ணெய்ப் பிசுக்காக இருக்கிறது. துடைத்துவிட்டுப் போட்டுப் பார்க்கலாமா ஐயா? எதைக்கொண்டு துடைப்பது?

பதில்: துடைக்கலாம். ஆனால் போட்டுப் பார்ப்பது இப்போது வேண்டாம், அதைப் பிறகு சொல்கிறேன்.

வால்வு என்ற கண்ணாடிக் குழாய், மின்னேற்றத்தைத் தேக்கும் கண்டென்சர், ஒயர் எல்லாவற்றையும் பின்னால் மாற்றிக்கொள்ளலாம். டயலில் அழிந்துபோன எழுத்தும் பெட்டியின் மேல்தோலும் திரும்ப வராது. அதனால் குறைவாகச் சுத்தம் செய்வதுதான் நல்லது என்பேன்.

முதலில் பின்மூடியைக் கழற்றி, உள்ளே பாருங்கள். வெளியே தந்தநிறம், உள்ளே பழுப்பு அல்லது கறுப்பு என்றால் அது பெயிண்ட் அடித்த பேக்கலைட், அதாவது சூட்டில் இளகாத பழங்காலக் கெட்டிப் பிளாஸ்டிக். உள்ளும் புறமும் ஒரே நிறம், விளக்கொளி லேசாக ஊடுருவுகிறது என்றால் பெரும்பாலும் பாலிஸ்டைரீன் என்ற, சூட்டில் இளகும் பிளாஸ்டிக். பெயிண்ட் அடிக்காத பழுப்புப் பெட்டியைக் கட்டைவிரலால் சூடேறும்வரை தேய்த்து முகர்ந்தால் கார்பாலிக் வாசம் வரும், அது பேக்கலைட். இந்த வேறுபாடு தெரியாமல் எந்தத் திரவத்தையும் தொடாதீர்கள். தின்னர், அசிட்டோன், பெட்ரோல் மூன்றும் பாலிஸ்டைரீனைக் கரைத்துவிடும். பேக்கலைட் மேலிருக்கும் பெயிண்டையும் தின்னரும் அசிட்டோனும் உரித்துவிடும்.

குமிழ்களை நெம்பி எடுக்காமல், பின்னால் துணிநாடாவைச் சுற்றி நேராக இழுங்கள். திருகு வைத்த குமிழாக இருந்தால், அந்தத் துளையை மெழுகால் அடைத்திருப்பார்கள். மெயின்ஸிலிருந்து பிரிக்கும் டிரான்ஸ்பார்மர் இல்லாத செட்களில், பாகங்களைத் தாங்கும் உலோகத் தட்டான சேசிஸிலேயே மின்சாரம் பாயும் என்பதால், திருகின் தலை விரலில் படாதிருக்கச் செய்த ஏற்பாடு அது. மாட்டும்போது மறக்காமல் மறுபடி மெழுகு வையுங்கள். பெட்டியின் உள்மேற்புறம் சாம்பல்நிற அட்டை ஒட்டியிருந்தால் அது ஆஸ்பெஸ்டாஸாக இருக்கக்கூடும். சுரண்டவோ தேய்க்கவோ வேண்டாம்; பெட்டியை நனைக்காமல் வெளிப்புறத்தை மட்டும் ஈரத்துணியால் துடையுங்கள்.

சேசிஸை வெளியே எடுத்து, மென்மையான பெயிண்ட் பிரஷ்ஷால் தூசி தட்டுங்கள். வால்வின் கண்ணாடியை அழுத்தித் துடைத்தால் எண் போய்விடும். எண் போன வால்வை அடையாளம் காண்பது பெரும்பாடு. வெறும் பெட்டியை, பாத்திரம் கழுவும் திரவம் சில சொட்டு விட்ட வெதுவெதுப்பான நீரில் நனைத்த துணியால் துடையுங்கள். கொதிநீர் கூடாது, ஊறவைக்கவும் கூடாது. பேக்கலைட்டுக்குள் பெரும்பாலும் மரத்தூள் கலந்திருக்கும். மேல்தோல் தேய்ந்த இடத்தில் அது நீரை உறிஞ்சி மங்கிவிடும். டயலில் எழுத்து அச்சான பக்கத்தைத் தொடவே வேண்டாம். அலைவரிசை எண்கள் வெறும் ஈரத்துக்கே கழன்று வருவதுண்டு.

கேள்வி: என் ரேடியோ வெள்ளையாக இருந்தது, மஞ்சளாகிவிட்டது. ஹைட்ரஜன் பெராக்சைடு தடவி வெயிலில் வைத்தால் வெளுக்கும் என்கிறார்களே?

பதில்: அது பழைய கணினிப் பெட்டிகளின் ஏபிஎஸ் பிளாஸ்டிக்குக்குப் பேர்போன வழி. பேக்கலைட்டில் செய்தால் மேல்தோல் கெட்டு வெளிறிப்போகும். பாலிஸ்டைரீனை வெயிலில் கிடத்தவும் நான் சம்மதிக்க மாட்டேன். உங்களுடையது கேட்டலின் என்ற வார்ப்புப் பிளாஸ்டிக்காக இருந்தால், வெள்ளை தேன்நிறமாவது அதன் இயல்பு. அந்த நிறத்தை விரும்பித் தேடுவோரே அதிகம். அப்படியே விட்டுவிடுங்கள்.

கேள்வி: பெட்டி பளபளக்க உப்புத்தாள் போடலாமா?

பதில்: பேக்கலைட்டில் கூடாது. அச்சில் வார்க்கும்போது மேலே படியும் பிசின் தோல் மிக மெல்லியது. அது போனால் உள்ளிருக்கும் தூள் தெரியும். எவ்வளவு பாலிஷ் போட்டாலும் அந்தப் பளபளப்பு வராது. காருக்குப் போடும் மென்மையான பாலிஷை மெதுவாகத் தேயுங்கள், போதும். விரிசலுக்கு, பேக்கலைட் என்றால் எபாக்சி, பாலிஸ்டைரீன் என்றால் பிளாஸ்டிக் சிமெண்ட்.

கேள்வி: கண்டென்சர் அத்தனையும் மாற்றவேண்டும் என்கிறார் மெக்கானிக். நன்றாக இருப்பவற்றையும் ஏன் மாற்றவேண்டும்?

பதில்: அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. மெழுகுக் காகிதக் கண்டென்சர்கள் பார்க்க முழுதாக இருந்தாலும் உள்ளே ஈரம் ஏறிக் கசியும். அவற்றில் முதலில் மாற்றவேண்டியது ஸ்பீக்கரை இயக்கும் அவுட்புட் வால்வின் கிரிட்டுக்கு, அதாவது அதன் கரண்டைக் கட்டுப்படுத்தும் முனைக்கு, போகும் கண்டென்சர், பெரும்பாலும் 0.01 மைக்ரோஃபாரட். அது கசிந்தால் முந்தைய வால்வின் பாசிட்டிவ் வோல்டேஜ் கிரிட்டில் ஏறும். அவுட்புட் வால்வு அளவுக்கு மீறிக் கரண்ட் இழுத்துக் காயும், கூடவே அவுட்புட் டிரான்ஸ்பார்மரும் எரியும். ஒரு சின்னக் கண்டென்சருக்காக, கிடைக்காத இரண்டு பொருள்களை இழப்பது மனதுக்குப் பொறுக்காது. அதனால்தான் முதல் கேள்வி கேட்டவரிடம் ப்ளக்கில் செருகாதீர்கள் என்றேன். காகிதக் கண்டென்சர்களுக்குப் பதில் 630 வோல்ட் ஃபிலிம் கண்டென்சர் போடுங்கள். மைக்கா, செராமிக் வகைகளைத் தொடவேண்டாம். டிசியாக்கிய மின்சாரத்தைச் சமன்செய்யும் ஃபில்டர் எலக்ட்ரோலிட்டிக் கண்டென்சர் 450 வோல்ட் இருக்கட்டும். 230 வோல்ட் மெயின்ஸின் உச்சமே 325 வோல்ட். அதில் முதல் கண்டென்சரின் மைக்ரோஃபாரட் அளவைக் கூட்டாதீர்கள், ஏசியை டிசியாக்கும் ரெக்டிஃபையர் வால்வு தாங்காது. மெயின்ஸின் இரு கம்பிகளுக்குக் குறுக்கே இருக்கும் கண்டென்சர் எக்ஸ்2 வகையாகவும், சேசிஸுக்கும் ஏரியலுக்கும் இடையில் இருப்பது ஒய்2 வகையாகவும் இருந்தே தீரவேண்டும்; இரண்டும் மெயின்ஸுக்கென்றே செய்த பாதுகாப்பு வகைகள்.

கை வைக்கும் முன் ஃபில்டர் கண்டென்சரில் தங்கிய சார்ஜை 10 கிலோ ஓம் ரெசிஸ்டர் வழியாக இறக்கி, மீட்டரில் பாருங்கள். முதல்முறை போடும்போது 60 வாட் குண்டு பல்பு ஒன்றை, ரேடியோவுக்குப் போகும் மின்சாரம் அதன் வழியாகவே போகும்படி, தொடரில் வையுங்கள். பளீரென்று எரிந்து அப்படியே நின்றால் உள்ளே ஷார்ட், உடனே நிறுத்துங்கள். பல்பு ரேடியோவைத்தான் காக்கும், உங்களைக் காக்காது. டிரான்ஸ்பார்மர் இல்லாத செட்டைத் திறந்து வைத்து வேலை செய்ய மெயின்ஸோடு நேரடித் தொடர்பை அறுக்கும் ஐசொலேஷன் டிரான்ஸ்பார்மர் வேண்டும். அது இல்லையென்றால் மெக்கானிக்கிடமே விட்டுவிடுங்கள்.

கேள்வி: பெட்டியின் மேற்புறம் ஒரே இடத்தில் உப்பிக் கருத்திருக்கிறது. எதனால்?

பதில்: அதற்குக் கீழே, மிச்ச வோல்டேஜைக் குறைக்கும் டிராப்பர் ரெசிஸ்டர் இருக்கிறதா பாருங்கள். யுசிஎச்81, யுபிஎஃப்89, யுசிஎல்82, யுஒய்85 என்ற வால்வு வரிசையில், வால்வைச் சூடேற்றும் இழைகளான ஹீட்டர்களுக்கு 19, 19, 50, 38 ஆக 126 வோல்ட்தான் தேவை. 230-இல் மிச்சம் 104 வோல்ட்டை, 0.1 ஆம்பியரில், அந்த ரெசிஸ்டர் சூடாக்கித் தீர்க்கிறது. 10 வாட்டுக்கு மேல். பாலிஸ்டைரீன் 100 டிகிரிக்குள்ளேயே இளகும். உப்பியதைச் சூடுகாட்டி நிமிர்த்த முயலாதீர்கள். பின்மூடியின் காற்றுத் துளைகளில் அடைந்த தூசியை எடுத்துவிட்டு, ரேடியோவைச் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வையுங்கள்.